சாக்கியர் எறிந்த கல்: பெரியபுராணத்தில் நியதியும் அன்பும்

சமயத்தைப் பற்றிப் பேசும்போது நம்பிக்கையையும் பழக்கத்தையும் எதிரெதிரே நிறுத்திப் பேசுவது இன்று பெருவழக்காகிவிட்டது. மாலையில் விளக்கேற்றுதல், வெள்ளிக்கிழமைதோறும் கோயிலுக்குச் செல்லுதல், வெளியே புறப்படுமுன் நீறணிதல் முதலியன பழக்கத்தால் நிகழ்வன என்றும், உள்ளத்தில் தானாக ஊறும் பற்று ஒன்றே மெய்யான நம்பிக்கை என்றும், முன்னது இருந்தும் பின்னது இல்லாமற் போகலாம் என்றும் கூறுவர். இக்கூற்றில் பிழையில்லை. ஆயினும் இதனைக் கூறுவோர் அவ்வளவில் நில்லாது, பழகிப்போன எதுவும் நம்பிக்கையாகாது என்னும் முடிவுக்கும் வந்துவிடுகின்றனர். முதற்கூற்றிலிருந்து இரண்டாவது பெறப்படுமா என்பது ஆராயத்தக்கது.

இம்முடிவுக்குச் சான்றாகப் பெரும்பாலும் எடுத்துக்காட்டப்பெறுவது கண்ணப்ப நாயனார் வரலாறு. சிவகோசரியார் ஆகமப் பழக்கத்தின் வடிவம். திண்ணனார் அன்பின் வடிவம். இறைவன் முன்னவரை விடுத்துப் பின்னவரை ஏற்றான். மேடைச் சொற்பொழிவுகளிலும் மாணவர் கட்டுரைகளிலும் இவ்விளக்கத்தை நாம் பன்முறை கேட்டிருக்கிறோம். கேட்பதற்கு இனிமையான விளக்கந்தான். ஆனால் சேக்கிழார் பாடியிருப்பது இதுதானா? ஒரு நாயனார் வரலாற்றை மட்டும் தனியே பிரித்தெடுத்துப் படியாமல், பிற நாயன்மார் வரலாறுகளோடு இயைத்துப் படிக்கும்போது வேறொரு காட்சி புலப்படுகிறது. அக்காட்சியைச் சாக்கிய நாயனார் வரலாற்றிலிருந்து தொடங்கி எடுத்துக்காட்டுவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

தொடங்குமுன் சொல் பற்றி ஒரு குறிப்பு. நம்பிக்கை என்னும் சொல்லைச் சமயத்தின் நடுச்சொல்லாக ஆளுவது பிற்கால வழக்கு. 12ஆம் நூற்றாண்டில், இரண்டாம் குலோத்துங்க சோழன் காலத்தில் பாடிய சேக்கிழாரிடத்தில் அந்த இடத்தில் நிற்பது அன்பு. பழக்கம் என நாம் இன்று சற்றே இளக்காரத்தோடு குறிப்பதற்கு அவர் வழங்கும் சொற்கள் நியதி, கடன், தொண்டு என்பன. இவற்றுள் ஒன்றேனும் இழிவுப்பொருள் தருவதன்று. பழக்கம் என்னும் சொல்லேகூடத் தமிழில் முற்றிலும் தாழ்ந்த பொருளுடையதன்று. ஒருவரோடு பழக்கம் உண்டு என்றால் அவரோடு நெருக்கம் உண்டு என்றுதானே பொருள்? மீண்டும் மீண்டும் செய்தலும் நெருங்குதலும் ஒரே சொல்லில் அடங்கியிருப்பதை நாம் எண்ணிப் பார்ப்பதில்லை.

இரண்டாம் நாள்

சாக்கியர் திருச்சங்கமங்கையில் வேளாளர் குடியில் தோன்றியவர். பிறவி நீங்கும் வழியைத் தேடிக் காஞ்சி சென்று, பல நெறிகளையும் ஆய்ந்து, புத்த சமயத்தைச் சார்ந்தவர். பின்னும் ஆராய்ந்து, செய்வினை, செய்வான், வினைப்பயன், அப்பயனைக் கொடுப்பவன் என்னும் நான்கும் சைவத்திலேயே கூறப்பட்டுள்ளன எனத் தெளிந்தவர். தெளிந்த பின்னரும் அவர் தம் துவராடையைக் களையவில்லை. எந்நிலையில் நின்றாலும் எந்தக் கோலம் பூண்டாலும் சிவபெருமானை மறவாமையே பொருள் என்று துணிந்து அக்கோலத்திலேயே இருக்கிறார். சமணத்தையும் பௌத்தத்தையும் கடுமையாக மறுக்கும் ஒரு காப்பியத்தில், மாற்றுச் சமயக் கோலத்தைக் கடைசிவரை நீக்காத ஒருவர் நாயனாராகப் போற்றப்படுவது சிறிய செய்தியன்று.

நாள்தோறும் சிவலிங்கத்தைக் கண்ட பின்னரே உண்பது என்பது அவர் மேற்கொண்ட நியதி. ஒரு நாள் வெளியிடத்தில் நின்ற இலிங்கத்தைக் கண்டு, மகிழ்ச்சி பொங்க, செய்வதறியாத பதைப்பில், அருகே கிடந்த கல்லொன்றை எடுத்து அதன்மேல் எறிந்துவிடுகிறார். பிள்ளையைக் கண்டு மகிழ்வோர் அன்பு மிகுதியால் வன்மையாக ஏதேனும் செய்தாலும் அப்பிள்ளைக்கு இன்பமே விளைவது போல, இறைவனும் அதற்கு மகிழ்ந்தான் என்கிறார் சேக்கிழார். வரலாற்றைச் சுருக்கிச் சொல்வோர் பெரும்பாலும் இக்கல்லோடு நின்றுவிடுவர். பௌத்தக் கோலத்தில் இருந்த ஒருவர் கல்லெறிந்தார். இறைவன் அதனை மலராக ஏற்றான். ஆகவே செயல் பொருட்டன்று, அன்பே பொருட்டு என்பது அவர்கள் பெறும் கருத்து.

ஆனால் சேக்கிழாரின் கதை இரண்டாம் நாளில்தான் வேகம் பெறுகிறது. மறுநாள் தம் நியதிக்காக அவ்விடத்தை அணுகும் சாக்கியர், முந்திய நாள் தாம் கல்லெறிந்ததை நினைத்து நிற்கிறார். நின்று எண்ணுகிறார். நேற்று அது தமக்கு நிகழ்ந்தது இறைவன் அருளாலேயே என உணர்கிறார். உணர்ந்து, அதனையே தம் தொண்டாக என்றும் செய்ய முடிவு செய்கிறார். எதிர்பாராது நேர்ந்த ஒரு செயல் இங்கே நியதியாக மாறுகிறது. முதல்நாள் எறிந்த கல்லில் முடிவென்று ஒன்று இல்லை; இரண்டாம் நாள் கல் முடிவு செய்து எறிந்த கல். அதன்பின் எறிந்த ஒவ்வொரு கல்லும் கடன். பொங்கிய மகிழ்ச்சி நாள்தோறும் அதே அளவில் பொங்கியது என்று சேக்கிழார் பாடவில்லை என்பது நோக்கத்தக்கது. அவர் பாடுவது வேறு: பரிவோடும் வழுவாமலும் அந்நியதியை இவர் செய்துவந்தார் என்பதே. பரிவும் வழுவாமையும் ஒரே மூச்சில் சொல்லப்படுகின்றன.

இவ்விடத்தில் சேக்கிழார் தம் கருத்தை வெளிப்படையாகவே கூறுகிறார். கல்லெறிதல் எவ்வாறு அன்பாகும் என்று கேட்பார்க்கு அவர் விடையாகத் தருவது கண்ணப்பர் வரலாற்றை. வேடரின் செருப்படியும் அத்திருமுடியில் பொருந்தியதன்றோ என்கிறார். அல்லாதவர் அதனைக் கல் என்பர். இறைவனுக்கோ அது மலர். ஆக, கண்ணப்பரையும் சாக்கியரையும் ஓரிடத்தில் வைத்துக் காண வேண்டும் என்பது நம்முடைய ஊகமன்று. காப்பியம் தானே காட்டும் வழி அது. ஒருவர் ஆறே நாளில் முடிவை எட்டியவர். மற்றவர் நாள்தோறும் வழுவாது செய்தவர். ஒருவர் கையில் பழக்கமே இல்லை. மற்றவர் பழக்கத்தையன்றி வேறொன்றும் செய்யவில்லை. இருவர் செயலையும் சேக்கிழார் அன்பு என்னும் ஒரே சொல்லால் அளக்கிறார்.

இனி, முடிவு. ஒரு நாள் சாக்கியர் கல்லெறிய மறந்து உண்ணத் தொடங்குகிறார். சுந்தரர் திருத்தொண்டத்தொகையில் சாக்கியரைப் போற்றும்போது கல்லெறிதலுக்கு அடையாக வைத்த சொல் மறவாது என்பது. மறவாது எறிந்தவர் என்று முதல்நூல் கூறுபவரை, வழிநூல் மறந்தவராகக் காட்டுகிறது. இது முரண் போலத் தோன்றும். சேக்கிழார் அம்மறதியையும் அருளாலே நேர்ந்தது என்கிறார். எம்பெருமானை எறியாமல் மறந்தேனே என்று உணவை விட்டெழுந்து, அஞ்சி, பொங்கிய காதலோடு விரைந்தோடி வந்து அவர் கல்லெறியும்போதுதான் இறைவன் காட்சி தருகிறான். வழுவாமல் எறிந்த அத்தனை நாள்களிலும் தராத காட்சியை, வழுவிய ஒரு நாளில் தருகிறான்.

ஏன்? நியதி ஒழுங்காக நடக்கும் வரையில் அதனுள் அன்பு இருக்கிறதா, வெறும் கைப்பழக்கம் இருக்கிறதா என்று புறத்தே நின்று காண்பவர்க்குத் தெரியாது. செய்பவர்க்கும் எப்போதும் தெரியும் என்பதில்லை. நியதி தவறிய கணத்தில் அது தெரிந்துவிடுகிறது. வெறும் பழக்கமாக இருந்திருந்தால், நாளை எறிந்துகொள்ளலாம் என்று உண்டு முடித்திருக்கலாம். மறவாது என்று சுந்தரர் சொன்னதன் பொருள் மறதியே நேராமை அன்று, மறந்ததைப் பொறுக்கமாட்டாமை எனச் சேக்கிழார் கொண்டார் போலும்.

நியதி தடைப்படும் இடம்

இவ்வமைப்பைச் சாக்கியர் வரலாற்றில் கண்டுகொண்ட பின், பிற நாயன்மார் வரலாறுகளைப் புரட்டினால் அது பல இடங்களில் மீண்டும் வருவதைக் காணலாம். நாள்தோறும் செய்யும் ஒரு சிறு தொண்டு. அதற்கு வரும் தடை. தடைக்கு அடியவர் தரும் விடை. தொண்டுகள் பெரியன அல்ல. மூர்த்தியார் மதுரையில் சந்தனம் அரைத்துக் கொடுத்தார். கணம்புல்லர் விளக்கெரித்தார். நாகப்பட்டினத்து நுளைப்பாடியில் வாழ்ந்த அதிபத்தர் வலையில் அகப்பட்ட மீன்களுள் ஒன்றை இறைவனுக்கென்று கடலில் விட்டார். இவை எவையும் ஒரு முறை செய்தால் ஒருவரை நாயனாராக்கும் செயல்கள் அல்ல. நாள்தோறும் செய்ததால்தான் இவை அவர்கள் பெயரோடு ஒட்டிக்கொண்டன.

தடைகள் பலவகையின. மூர்த்தியாருக்குத் தடை அரசியலால் வருகிறது. மதுரையை வென்ற வடுகக் கருநாடர் மன்னன் சந்தனக் கட்டை கிடைக்காதபடி செய்யவே, அவர் தம் முழங்கையைக் கல்லில் தேய்க்கிறார். கணம்புல்லருக்கு வறுமையால் வருகிறது. செல்வம் தொலைந்து, தில்லையில் கணம்புல்லை அரிந்து விற்று விளக்கெரித்தவர், ஒரு நாள் புல் விலைபோகாததால் அப்புல்லையே எரிக்கிறார். அது வழக்கமாக எரிக்கும் யாமம் வரை போதவில்லை. தம் தலைமயிரை எரிக்கிறார். யாமம் வரை என்னும் இச்சிறு விவரம் மிக முதன்மையானது. விளக்கெரித்தாயிற்று, புல்லாவது எரிந்ததே என்று அவர் அமையவில்லை. வழக்கமான நேரத்தின் எஞ்சிய பகுதிதான் அவரை அந்த எல்லைவரை கொண்டுசெல்கிறது. நம்பிக்கை உள்ளத்தில் இருந்தால் போதும் என்பவர்க்குக் கணம்புல்லர் செய்தது பொருளற்றதாகவே தோன்றும்.

அரிவாட்டாயர் வரலாறு இவையனைத்தினும் நுட்பமானது. கணமங்கலத்துத் தாயனார் செந்நெல்லரிசியும் செங்கீரையும் மாவடுவும் இறைவனுக்கு நாள்தோறும் படைப்பவர். வறுமை வந்தபோது கூலிக்கு நெல்லறுக்கிறார். கூலியாகக் கிடைத்த செந்நெல் இறைவனுக்கு; கார்நெல் தமக்கு. பின்பு வயலெல்லாம் செந்நெல்லாகவே விளைகிறது. பிறர்க்கு அது நற்பேறாகத் தோன்றும். தாயனாருக்கோ உண்ண ஏதும் இல்லாமற் போகிறது. அவர் அதனை இறைவன் திருவமுதுக்கு வாய்த்த பேறு என மகிழ்ந்து, மனைவி சமைத்த கீரையை உண்கிறார். கீரையும் தீர்ந்தபின் தண்ணீரைக் குடிக்கிறார். அந்நிலையிலும் நியதி நிற்கவில்லை. ஒரு நாள் கூடை சுமந்து செல்கையில் கால் தளர்ந்து விழ, அமுது முழுவதும் வயலின் வெடிப்பில் சிந்திவிடுகிறது. இனி என் செய்வேன் என்று அரிவாளைக் கழுத்தில் பூட்டுகிறார். வெடிப்பிலிருந்து இறைவன் கை எழுகிறது. மாவடு கடிக்கும் ஓசையும் எழுகிறது.

இங்கே சேக்கிழார் செய்திருக்கும் அமைப்பு வியத்தற்குரியது. உணவு கோயிலுக்குப் போய்ச் சேரவில்லை, வயலிலேயே உண்ணப்படுகிறது. நியதியின் புறவடிவம் அன்று நிறைவேறவில்லை. ஆனால் நியதி இல்லாமலிருந்தால் அந்தக் கூடை அவ்வயலுக்கு வந்திருக்காது. பழக்கம் அடியவரை ஓர் இடம்வரை கொண்டுவந்து சேர்க்கிறது. அதற்கு அப்பால் உள்ளதைப் பழக்கம் செய்வதில்லை.

புகழ்த்துணையார் வரலாற்றையும் இங்கே குறிப்பிட வேண்டும். அவர் சிவாகம விதிப்படி பூசை செய்யும் அருச்சகர். சிவகோசரியார் செய்த அதே தொழிலைச் செய்தவர். பஞ்சத்தில் உடல் தளர்ந்து, நீராட்டும்போது குடம் கைதவறி இறைவன் முடிமேல் விழ, அவரும் விழுகிறார். பஞ்சம் தீரும்வரை நாள்தோறும் ஒரு காசு அவருக்குக் கிடைக்கச் செய்கிறான் இறைவன். அருளும்கூட இங்கே நாள்தோறும் என்னும் நியதியில் வருகிறது. ஆகமப் பூசையைச் சேக்கிழார் உயிரற்ற பழக்கமாகக் கருதியிருந்தால் இவ்வரலாற்றை இவ்வளவு பரிவோடு பாடியிருக்க இயலாது.

கண்ணப்பர்: மீண்டும் ஒரு வாசிப்பு

இப்போது கண்ணப்பரிடம் திரும்பலாம். திண்ணனார் காளத்திமலையில் இறைவனைக் கண்டவுடன் கொண்ட அன்பு எந்தப் பயிற்சியாலும் வந்ததன்று. இதில் ஐயமில்லை. ஆனால் அந்த அன்பு என்ன செய்வது என்று அறியாமல் நிற்கிறது. இறைவன் முடியில் பச்சிலையும் பூவும் இருப்பதைக் கண்டு, இதைச் செய்தவர் யார் என்று திண்ணனார் கேட்கிறார். உடன்வந்த நாணன் விடை சொல்கிறான்: முன்பு உன் தந்தையோடு இங்கே வேட்டைக்கு வந்தபோது, ஒரு பார்ப்பான் நீராட்டி, இலையும் பூவும் இட்டு, உணவூட்டி, சில சொற்கள் சொன்னதைக் கண்டேன், இன்றும் அவனே செய்திருக்க வேண்டும். இதைக் கேட்ட திண்ணனார், இவைதாம் இறைவனுக்கு இனிய செயல்கள் என்று கடைப்பிடிக்கிறார். வாயில் பொன்முகலி நீர், தலைமயிரில் செருகிய பூ, தேக்கிலைக் கல்லையில் சுவை பார்த்துத் தேர்ந்த ஊன். நீராட்டு, மலர், அமுது: வரிசை சிவகோசரியாருடையது, பொருள்கள் வேடருடையன.

கண்ணப்பரின் அன்பு தனக்கொரு வடிவத்தைத் தானே படைத்துக்கொள்ளவில்லை. மற்றொருவரின் நாள்வழிப் பழக்கத்திலிருந்து அதனைப் பெற்றுக்கொண்டது. அந்தப் பழக்கம் அங்கே இல்லாதிருந்தால், அளவற்ற அன்போடு அம்மலையில் அவர் வெறுங்கையோடு நின்றிருப்பார். இதைச் சொல்வது கண்ணப்பரைக் குறைப்பதாகாது. சிவகோசரியாரின் பழக்கத்துக்கு உரிய இடத்தைத் தருவதாகும்.

அவரும் திண்ணனாரும் அந்நாள்களில் ஒரே இடத்தில் மாறிமாறித் தொண்டு செய்கின்றனர். ஒருவர் வைத்ததை மற்றவர் நீக்குகிறார். பகலில் வந்த முனிவர் ஊனையும் எலும்பையும் கண்டு பதறி, தூய்மை செய்து, பொன்முகலியில் மீண்டும் நீராடிப் பூசையைத் தொடர்கிறார். நாளும் இது நிகழ்ந்தும் அவர் வராமல் நின்றுவிடவில்லை. ஒரு வகையில் அவருடைய நியதியும் தடைப்பட்ட நியதியே. அதற்கு அவர் தரும் விடை மீண்டும் தொடங்குதல். இறைவன் கனவில் தோன்றித் திண்ணனாரின் அன்பை எடுத்துரைத்து, மறைந்திருந்து காணுமாறு பணிக்கிறான். தண்டனை இல்லை, கண்டனமும் இல்லை. கண்ணை இடந்து அப்பும் அச்செயலுக்குச் சான்றாக நிற்கும் பேறு அவருக்குக் கிடைக்கிறது. அவர் அறுபத்துமூவருள் ஒருவராக வைத்து எண்ணப்படவில்லை என்பது உண்மை. இவ்விருவரையும் சமமாக வைக்கச் சேக்கிழார் முயன்றார் என்று நாம் வாதிட வேண்டியதில்லை. ஒருவரைத் தாழ்த்தாமலே மற்றவரை உயர்த்த முடியும் என்பதைத்தான் அவர் செய்து காட்டியிருக்கிறார். பின்வந்த நாம்தாம் அதனைப் போட்டியாக்கிவிட்டோம்.

சுருக்கக் கதைகளுக்கும் இதில் பங்குண்டு. நம்மவருள் பலர் நாயன்மார் வரலாறுகளைச் செய்யுள் வழியாக அன்றிச் சுருக்கங்கள் வழியாகவே அறிந்தவர்கள். சுருக்கும்போது முதலில் உதிர்ந்துபோகும் சொற்கள் நாள்தோறும், வழுவாமல், முறையே என்பன. எஞ்சுவது கண்ணும் கழுத்தும் குருதியும். இதனால் நாயன்மார் அனைவரும் ஒரு கணத்தில் வெடித்தெழுந்த வன்செயலாளர் போலத் தோன்றுகின்றனர்.

யார் சுமப்பது?

இதுவரை கூறியது சேக்கிழார் பக்கம் நின்று கூறியது. அவரை ஏற்றுக்கொண்டே ஒரு குறையையும் சொல்லத்தான் வேண்டும். நியதியின் சுமை எப்போதும் நியதியாளர்மேல் மட்டுமே விழுவதில்லை. குங்கிலியக்கலயர் வீட்டில் மனைவி தன் தாலியைக் கழற்றி நெல் வாங்கிவரக் கொடுக்கிறார். கலயர் எதிர்ப்பட்ட குங்கிலியப் பொதியை வாங்கிக் கோயிலுக்குச் சென்றுவிடுகிறார். மக்களும் மனைவியும் பசியோடு இரவைக் கழிக்கின்றனர். இறைவன் அவ்வீட்டைச் செல்வத்தால் நிறைக்கிறான். ஆகவே கதை இனிதே முடிகிறது. திருவொற்றியூரில் விளக்கெரித்த கலியர் வரலாறு இன்னும் கடினமானது. பொருளெல்லாம் தீர்ந்த பின் அவர் மனைவியையே விற்க முயல்கிறார். வாங்குவார் இல்லை. அதன் பின்னரே தம் குருதியை எண்ணெயாக்கத் துணிகிறார். தாயனாரின் மனைவி கணவரோடு சேர்ந்து நடப்பவராகக் காட்டப்படுகிறார். அவருக்கு அத்தொண்டில் பங்கு உண்டு. கலியரின் மனைவிக்கு அப்படியொரு பங்கைக் காப்பியம் தரவில்லை. அவர் என்ன எண்ணினார் என்பது பாடப்படவில்லை.

தன் கழுத்தை அரிபவருக்கும் பிறரை விலைகூறுபவருக்கும் இடையே ஒரு வேறுபாடு உண்டு. சேக்கிழார் இரண்டையும் தொண்டின் உறுதிக்கே சான்றாக்கிக் கடந்து செல்கிறார். பழக்கம் அன்பின் வடிவமாகலாம் என்பதை அவரிடமிருந்து கற்றுக்கொள்ளும் நாம், அதே பழக்கம் அருகில் இருப்பவர் கண்ணுக்குத் தெரியாமற் போகும் அளவுக்கு இறுகவும் கூடும் என்பதை அவர் பாடாமல் விட்ட இடத்திலிருந்து கற்க வேண்டியிருக்கிறது. சடங்கை எள்ளிய சித்தர்களுக்கு இந்த அச்சமும் இருந்திருக்கலாம்.

இவ்வாய்வு நம் நாட்டுச் சூழலோடு தொடர்பற்றதன்று. மலேசிய இந்து சங்கம் ஆண்டுதோறும் நடத்தும் திருமுறை ஓதும் விழாவுக்காகப் பிள்ளைகள் பதிகங்களை மனனம் செய்கின்றனர். பொருளறியாமல் ஓதிப் பயன் என்ன என்று வினவுவோர் உளர். சாக்கியர் வரலாற்றை வைத்து நோக்கினால், செயல் முதலில் வருவதிலும் பொருள் பின்னர் வருவதிலும் குற்றமில்லை. ஆனால் அவ்வரலாற்றில் ஓர் இரண்டாம் நாள் இருக்கிறது. நின்று எண்ணும் ஓர் இடம் இருக்கிறது. பரிசும் கைதட்டலும் முடிந்த மறுநாள், நேற்று நீ ஓதியது என்ன என்று அப்பிள்ளையை அருகமர்த்திக் கேட்பவர் உண்டா என்பதே கேட்கப்பட வேண்டிய வினா. மனனத்தின் மீது பழிபோடுவது எளிது. இரண்டாம் நாளுக்கு ஆசிரியர் வேண்டும், நேரம் வேண்டும்.

2020 மார்ச் 18ஆம் நாள் நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை நடைமுறைக்கு வந்தபோது இந்நாட்டுக் கோயில்கள் மூடப்பட்டன. மூர்த்தியாருக்குச் சந்தனம் கிடைக்காமற் போனது போல, ஓர் ஆணையால் பல்லாயிரவர் நியதி ஒரே நாளில் நின்றது. வெள்ளிக்கிழமை மாலையில் பூ வாங்கிப் பழகிய கைகள் செய்வதறியாது இருந்ததை நம்மில் பலர் நம் இல்லங்களிலேயே கண்டோம். சிலருக்கு அந்த இடைவெளியில் எதுவும் குறையவில்லை. அவர்களுக்குப் போய்வந்தது கோயிலுக்கு அன்று, ஒரு பழகிய தெருவுக்கு என்று சொல்லலாம். சிலரோ வீட்டு வாசற்படியில் கோயில் இருக்கும் திசை நோக்கி விளக்கு வைத்தனர். அதுவரை இவ்விரு சாராரையும் பிரித்தறிய வழியிருக்கவில்லை. ஒரே வரிசையில் நின்று ஒரே தட்டில் நீறு எடுத்தவர்கள்தாம் இவர்கள்.

ஆயினும், தடைப்பட்டால்தான் நியதியின் உள்ளீடு தெரியும் என்று இதுவரை நாம் கூறிவந்ததற்கு ஒரு விலக்கைப் பெரியபுராணமே வைத்திருக்கிறது. திலகவதியார் திருவதிகை வீரட்டானத்தில் நாள்தோறும் அலகிடுகிறார், மெழுகுகிறார், பூமாலை தொடுக்கிறார். மணம் பேசப்பட்ட கலிப்பகையார் போரில் மாண்டார். தம்பி மருணீக்கியார் சமணம் புகுந்து தருமசேனர் ஆனார். இத்தனைக்கும் இடையே அத்தொண்டு நின்றதாக ஒரு குறிப்பும் இல்லை. அவர் கையை வெட்டவும் இல்லை, மயிரை எரிக்கவும் இல்லை. தம்பியை மீட்டருள வேண்டும் என்ற வேண்டுதலையும் அத்தொண்டோடு சேர்த்தே வைத்திருந்தார். சூலை நோயோடு தருமசேனர் தமக்கையின் திருமடத்தை ஓர் இரவில் வந்தடைகிறார். திருநீறு கொடுத்த பின், தமக்கையார் வேறெந்தச் சிறப்பு ஏற்பாடும் செய்யவில்லை. பள்ளியெழுச்சிக்கு முன்னதாக அலகும் மெழுக்குச் சாணமும் தோண்டியும் எடுத்துக்கொண்டு அவர் என்றும்போல் கோயிலுக்குப் புறப்படுகிறார். தம்பி பின்னே நடக்கிறார். திருநாவுக்கரசரின் முதற்பதிகம் அந்தக் காலைப்பொழுதில், தமக்கையார் அன்றாட வேலைக்குச் சென்ற வழியில் பிறந்தது. திலகவதியாரின் பெயர் அறுபத்துமூவர் வரிசையில் இல்லை.